சுவருக்கு அடித்த கப்பல் பெயிண்ட்

1

கார்டிஃபில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் ஈரம். குடிவந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதன் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முதுகு சில்லிடும். பத்து வருஷமாக ஒரு பெரிய அலமாரியை முன்னால் நிறுத்திச் சமாளித்துவிட்டோம். இப்போது வீட்டை விற்கப் போகிறோம். அலமாரியை நகர்த்தியதும் சுவர் பல்லைக் காட்டிவிட்டது.

விற்கச் சொல்லி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இங்கே துறைமுகத்தில் வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது. கடலுக்கு அக்கரையில் பிரிஸ்டலில், கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் பேச்சைக் கிளப்பினேன். என் மனைவி மோரீன் இந்த ஊர்க்காரி. "நீ ஒரே கூரையின் கீழ் பத்து வருஷம் இருந்ததே பெரிது. நான் ஐந்து என்றுதான் நினைத்தேன்" என்றாள். கோபமாகச் சொன்னாளா, சிரிப்பாகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வீடு விற்றுக் கொடுக்கிற தரகர் வந்து பார்த்தார். கழுத்தில் டை கட்டிய சின்னப் பையன். சுவரில் கை வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "இங்கே சொரசொரப்பான ஒரு காகிதம் கிடைக்கிறது. அதை ஒட்டி மேலே வெள்ளை அடித்துவிடுங்கள். குளிர்காலம் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குள் விற்றுவிடலாம்" என்றார். நாலு சுருள் வாங்கி வந்தேன்.

புதுக் காகிதம் ஒட்டப் பழையதைச் சுரண்ட வேண்டும். நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது மகள் தெரேசா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. செப்டம்பரில் நர்ஸ் படிப்புக்கு மான்செஸ்டர் போகிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'சாப்பிடு', 'போதும்', 'வா' என்ற மூன்றுதான். நான் வீட்டில் இருந்த நாட்களில் சொன்னதும் அவ்வளவுதான்.

"யாரோ ஒருவருக்கு விற்கப் போகிற வீட்டுக்கு ஏன் இத்தனை கவனம்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இதற்கு முன்னால் ஒரு வீட்டை விற்றிருக்கிறேன். அதில் பட்டுவிட்டேன்."

"எங்கே?"

"தூத்துக்குடியில்."

"அங்கே நமக்கு வீடு இருந்ததா?"

இருந்தது. அவளிடம் சொன்னதில்லை. அன்று இங்கிலீஷில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுபத்திரண்டாம் வருஷம் எனக்கு ஆறு வாரம் விடுப்புக் கிடைத்தது. அப்போது நான் சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துருவைத் தட்டுவது, சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது. இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த முனை துருப்பிடித்திருக்கும். திரும்பவும் தொடங்க வேண்டும். கொச்சியில் இறங்கினேன். ஆறு வாரம் கழித்து அதே கம்பெனியின் இன்னொரு கப்பல் கொச்சிக்கு வரும். அதில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மாலுமிப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். அடுத்த கம்பெனிக்காரன் அந்த வரியைப் பார்த்தால் புத்தகத்தை மூடித் திருப்பித் தந்துவிடுவான்.

இறங்கினதற்குக் காரணம் அக்காவின் கடிதம். என் அக்கா பெயர் சலேத். என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் இறந்தபின் அப்பாவின் வீட்டில் தனியாக இருந்தாள். கடிதத்தில் மூன்றே வரி. வீட்டை விக்கணும். உன் கையெழுத்து வேணும். வா.

நான் வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து அக்காவின் சத்தம் வந்தது. "செருப்ப உள்ள எடுத்துட்டு வாலே. வெளிய விட்டா கல் லாரி ஏறிரும்."

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெரு வழியாகப் பகல் முழுக்கப் பாறை ஏற்றின லாரிகள் போகும். ஒவ்வொரு லாரிக்கும் ஓடு கலகலக்கும். பதினாறு வயதில் இந்த வீட்டை விட்டுப் போனவன் நான். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று தடவை வந்திருக்கிறேன். இது நாலாவது.

சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் இடம், ஓட்டுக் கூரை. அப்பா சங்கு குளிக்கப் போனவர். தீவுப் பக்கமிருந்து வள்ளத்தில் கடல் கல் கொண்டுவந்து அவரும் மாமன்மாருமாகக் கட்டினது. சுண்ணாம்புக் கலவைக்குக் கடல் மணலையே போட்டுவிட்டார்கள். அதனால் சுவர் முழுக்க உப்பு. மழை நின்ற மாதங்களில் மாவு தெளித்த மாதிரி வெள்ளையாகப் பூத்து நிற்கும். கையால் தட்டினால் கொட்டும். எதிர்ச்சுவரில் மட்டும், மாதா சுரூபம் வைத்த மாடம் இருக்கிற சுவரில், அது இல்லை. அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது. பழைய பாய்த்துணி ஒன்று தொங்கும். நாங்கள் ஏழு பேர் அந்தத் துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தோம்.

அக்கா ஏன் விற்கிறாள் என்று கேட்டேன். அவள் மகளும் மருமகனும் முத்தையாபுரத்தில் இடம் வாங்கி வீடு கட்டியிருந்தார்கள். அங்கே வரச் சொன்னார்களாம்.

"போய் இருக்க வேண்டியதுதான. எதுக்கு வீட்ட விக்க?"

"மருமவன் நல்லவந்தான். ஆனா அவன் வீட்டுல நான் எங்க படுக்க? அடுப்படியிலயா? பின்னால இடம் கெடக்கு. அங்கன எனக்குன்னு ஒரு ரூம்பு கட்டணும். கதவோட."

"ரூம்புன்னா கதவு இருக்கும்லா."

"உள்ள இருந்து தாழ் போடுற கதவு" என்றாள். "எனக்கு நாப்பத்தாறு வயசு. நான் ஒரு நாளு கூட கதவச் சாத்திட்டுத் தூங்கினது கெடையாது."

அதுதான் விஷயம். வீடு விலை போனால் அந்த ரூம். போகாவிட்டால் அடுப்படி.

ஏற்கெனவே இரண்டு பேர் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் முத்துமாலை அண்ணாச்சி. உப்பளத்தில் கங்காணி, அதாவது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். மகனுக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆகப் போகிறது, அவனுக்காக வீடு தேடுகிறார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். "உப்பு வாருற வேல ஒரு மாசத்துக்கு இருக்கு. அது முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

"பிடிக்கல போல" என்றாள் அக்கா.

"அடுத்த தடவ வரதுக்குள்ள சுவத்துக்கு ஒரு வழி பண்ணுதேன்" என்றேன்.

3

அதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ். வீடு இன்னும் அப்பா பெயரில். நாங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம் இருக்கிற வாரிசு என்று சான்றிதழ் வேண்டும். ஏழு பேரில் மீதி எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இறந்ததற்கெல்லாம் மாதா கோயில் பதிவுப் புத்தகத்திலிருந்து பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா எல்லாவற்றையும் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல மிக்கேல் யாரு?"

"நான்தான்."

"எங்கன இருக்கீரு?"

"இங்கனதான் நிக்கேன்."

"நிக்கது தெரியுது. குடியிருப்பு எங்க?"

"கார்டிஃப்."

"அது எந்தத் தாலுகா?"

சீமையில் இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு வேற ஃபாரம். அத அங்க இருந்துதான் அனுப்பணும்."

"நான் இங்க வந்துட்டேனே."

"வந்ததுதான் சிக்கலு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டார்.

நாலு நாள் அலைந்தேன். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து காத்திருக்கிற பழக்கம் இல்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சாத்தான்குளத்திலிருந்து பாகப்பிரிவினைக்காக வந்த ஒரு பெரியவர், "தம்பி, நீரு நடக்கது பாத்து எனக்குக் காலு வலிக்கி" என்றார். ஐந்தாம் நாள் அக்காவே வந்தாள்.

"அண்ணாச்சி, இவன் இங்கன இருக்கான்னு எழுதுங்க. பொய் இல்லல்லா. போனதுக்கப்புறம் யாராவது கேட்டா, போயிட்டான்னு எழுதிக்கிடலாம்."

குமாஸ்தா யோசித்தார். பேனாவைத் திறந்தார். அக்கா இந்த மாதிரி. நான் பத்துத் தடவை முட்டுகிற இடத்தில் அவள் ஒரு தடவை தள்ளிப் பார்ப்பாள், திறந்துகொள்ளும். ஆனாலும் முத்திரை விழுவதற்குள் மூன்றாவது வாரம் முடிந்துவிட்டது.

4

கொத்தனாரை வரச் சொன்னோம். பூச்சை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். "அதுக்கு வீட்ட இவருக்கே எழுதிக் குடுத்திரலாம்" என்றாள் அக்கா.

எனக்கு அதில் கவலை இல்லை. உப்பைச் சமாளிப்பது என் தொழில். பதினெட்டு வருஷமாக உப்புத் தண்ணீரில் மிதக்கிற இரும்புக்குப் பெயிண்ட் அடித்தவன். கடலையே தடுக்கிற பெயிண்ட் ஒரு சுவரைத் தாங்காதா? துறைமுகத்துக்கு வெளியே, கப்பல்களில் கழித்துப் போட்ட சாமான்களை விற்கிற கடையில் போய்க் கேட்டேன். வெளிர் சாம்பல் நிறத்தில் ஐந்து டின் கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். நல்ல சரக்கு. கடைக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

அக்கா டின்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "வெள்ளை அடிச்சாப் போதும்லா."

"வெள்ளைய ரெண்டு மாசத்துல உப்பு தள்ளிரும். இது பத்து வருஷம் நிக்கும்."

"பத்து வருஷம் எதுக்கு? அந்த மனுசன் வந்து பாத்துட்டுப் போறது வர நின்னாப் போதும்."

"அக்கா, உனக்கு இது தெரியாது."

"சரி. மாதா சுவத்துல மட்டும் அந்த நாத்தத்த அடிக்காத. அத நான் பாத்துக்கிடுதேன்."

உப்பைத் துடைத்தேன். மூன்று நாளில் மூன்று சுவருக்கும் இரண்டு கை அடித்து முடித்தேன். அக்கா திருவிழாவுக்கு முன்னால் செய்கிற மாதிரி மாதா சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்து, சிப்பிச் சுண்ணாம்பில் வடிகஞ்சி ஊற்றிக் கலக்கி, பனை நார் மட்டையால் ஒரு கை வெள்ளை அடித்தாள். அரை நாள் வேலை. என் சுவர்கள் பளபளவென்று இருந்தன. ஜன்னல் வெளிச்சம் அவற்றில் தெரிந்தது. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏளா சலேத்து, ஒங்க வீடு பாங்கி மாதிரி ஆயிட்டு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அண்ணாச்சி வந்து பார்த்ததும் நாலு நாள் முன்னதாகவே கொச்சிக்குக் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

5

இதுவரை சொன்னதும் தெரேசா படியிலிருந்து இறங்கி வந்து ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சுரண்டினோம். காகிதத்துக்குக் கீழே காகிதம், அதற்கும் கீழே காகிதம். ரோஜாப்பூ, கோடு, பச்சைக் கட்டம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒவ்வொருவரும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"உன் அக்காவா அது, கூடத்தில் இருக்கிற போட்டோவில் வெள்ளைச் சேலையில்?" என்று கேட்டாள்.

"ஆமாம். உனக்கு அத்தை."

அந்தச் சொல்லை அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. நான் திருத்தவில்லை.

6

பெயிண்ட் அடித்த ஆறாவது நாள் காலையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு கொப்புளம் பார்த்தேன். ரூபாய்க் காசு அளவு. மறுநாள் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் சுவர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை விரலால் அமுக்கினேன். உடைந்து தண்ணீர் வழிந்தது. குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, மேலே மறுபடி பெயிண்டைத் தொட்டு வைத்தேன். கப்பலில் அப்படிச் செய்வது உண்டு. அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்தபோது முத்துமாலை அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. சுவரையே பார்த்தார்.

"இது என்ன கலரு?"

"சாம்பல், அண்ணாச்சி."

"கப்பலுக்கு அடிக்கதுல்லா?"

"ஆமா. நல்ல பெயிண்ட்."

"கப்பலா விக்கீரு? நான் வீடு வாங்கல்லா வந்தேன்."

பாய்த்துணிக்குப் பின்னால் அக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது.

அவர் ஒரு கொப்புளத்தை நகத்தால் கிழித்தார். உள்ளே இருந்த ஈரத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். அடுத்த சுவர். அதே மாதிரி. மூன்றாவது சுவர். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் தொட்டு ருசி பார்த்தே முப்பது வருஷம் ஓட்டின மனிதர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாதா சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"தாயி, தொடலாமா?"

"தொடுங்க அண்ணாச்சி" என்று அக்கா வெளியே வந்தாள்.

உள்ளங்கையால் தேய்த்தார். வெள்ளைப் பொடி ஒட்டியது. நக்கினார். மறுபடியும் கீழே, தரைக்குப் பக்கத்தில் குனிந்து தேய்த்து நக்கினார்.

"உப்பு இல்லியே. இது யாரு அடிச்சது?"

"நாந்தான். வருசா வருசம் திருவிழாவுக்கு முன்ன."

"எத்தன வருசமா?"

"எங்கம்மா போனதுல இருந்து. பதினாறு."

"அடிக்க முன்ன தேய்ப்பியோ?"

"பழசத் தேங்கா நாரு வச்சுத் தேச்சுக் கொட்டிட்டுத்தான் அடிப்பேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? வருசா வருசம் உப்பு சுண்ணாம்புல ஏறும். இவ அதத் தட்டிக் கொட்டிருதா. பதினாறு வருசத்துல தீந்து போச்சு. அன்னைக்கு நான் வந்தப்ப மத்த மூணு சுவத்துலயும் உப்பு வெளிய நின்னுச்சு. வெளிய வார உப்பு என்னைக்காவது தீரும். எனக்குப் பிடிச்சுது. நீரு இப்ப உள்ள போட்டு அடைச்சிட்டீரு."

"பிடிச்சுதா? அன்னைக்கு ஒண்ணுமே சொல்லாமப் போனீங்களாமே."

"வீட்டுக்காரங்க முன்னால பிடிச்சிருக்குன்னு சொன்னா வெல ஏறும்லா ஓய்."

எதுவுமே செய்யாமல் இருந்திருந்தால் வீடு விற்றிருக்கும்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதப் பூராவும் சொரண்டிப் போடும். மேல வெள்ளை அடிக்காண்டாம். சுவரு அம்மணமா நிக்கணும். பத்து நாளு கழிச்சு வாரேன். உள்ள இருக்கது வெளிய வந்திருந்தா வாங்குதேன். இல்லன்னா இன்னொரு வீடு பாத்து வச்சிருக்கேன்."

பத்து நாள். எனக்குக் கொச்சிக்குக் கிளம்ப எட்டு நாள் இருந்தது.

7

கொப்புளம் விட்ட இடத்தில் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. விடாத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. துரு தட்டுகிற சுத்தியல் ஒன்று என் பையில் இருந்தது. அதால் தட்டினால் பூச்சும் சேர்ந்து விழுந்தது. அக்கா அரிவாள்மணையின் பழைய அலகை வைத்துச் சுரண்டினாள். வாசல் வழியே லாரித் தூசி வரும், நாங்கள் உள்ளேயிருந்து சாம்பல் தூசியை வெளியே அனுப்புவோம்.

நாலாம் நாள் ஜன்னல் சுவரின் கீழ்ப்பகுதியில் பழைய சுண்ணாம்புக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. சுரண்டச் சுரண்ட, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பட்டை. முகர்ந்தேன். கீல். வள்ளத்தின் அடியில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசுகிறார்களே, அது.

"இது என்ன?"

"அப்பா பூசினது" என்றாள் அக்கா. நிமிரவில்லை. "நீ கைப்பிள்ள. ஒரு மழைக்குச் சுவத்துல ஈரம் ஏறிச்சுன்னு வள்ளத்துக்கு மிச்சம் இருந்த கீல எடுத்துட்டு வந்து பூசினாரு. அந்த ஈரம் போக வழியில்லாம மேல ஏறி ஓட்ட முட்டிட்டு. ஓலைப்பாய் எல்லாம் அழுகிப்போச்சு. ஒரு வருசம் கழிச்சு அவரே ஒக்காந்து சொரண்டினாரு. முடியல, விட்டுட்டாரு. அதாக்கும் இது."

"உனக்குத் தெரியுமா? அப்ப நான் பெயிண்ட் வாங்கிட்டு வந்தப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

யோசித்தேன். நிறுத்தியிருக்க மாட்டேன்.

"கடலுக்குப் போறவங்க எல்லாவனுக்கும் வீடும் வள்ளந்தான்" என்றாள். "தண்ணி வெளிய நின்னாப் போதும்னு நெனைக்கீங்க. வீட்டுக்குத் தண்ணி உள்ள இருக்குலே. அது வெளிய போணும்."

அவள் அலகை எடுத்து மறுபடி சுரண்டத் தொடங்கினாள். நான் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கைத்தடம் அதில் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒழுங்காகத்தான் பூசியிருந்தார்.

ஆறாம் நாள் இரண்டாவது சுவர்தான் முடிந்திருந்தது. நான் வெளியே போய் பீடி குடித்தேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன். அக்கா அலகைக் கீழே வைத்தாள்.

"நீ கப்பலுக்குப் போ."

"சுவரு?"

"நான் பாத்துக்கிடுதேன். எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ."

நான் ஒப்புக்கு ஒரு தடவை மறுத்தேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே மறைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பத்திர ஆபீசில் என் பங்கையும் சேர்த்து விற்க அவளுக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை எங்கே இருக்கிறீர் என்று யாரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு மூன்றாவது சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு எழுது" என்றாள். அவ்வளவுதான்.

8

கப்பல் ஏடனில் நின்றபோது கடிதம் வந்தது. அண்ணாச்சி வந்தாராம். சுவரெல்லாம் அம்மணமாக நின்றதாம், உப்புப் பூத்து வெள்ளையாக. ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாராம். இருமல் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வாங்குதேன்" என்றாராம். மூன்றாவது சுவரைச் சுரண்ட மரியபுஷ்பமும் அவள் மகளும் வந்து உதவினார்களாம். அதை அவள் கடைசி வரியில் எழுதியிருந்தாள். அந்த வரியில்தான் எனக்கு உறைத்தது. தம்பி போனபின் அடுத்த வீட்டுக்காரி வந்து சுரண்டியிருக்கிறாள்.

அந்தக் கப்பலில் நான் அடுத்த துறைமுகம் வரை துரு தட்டினேன். வேறு என்ன செய்ய.

9

இந்த வாரம் எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். தரகர் முன்னால் வந்தார். முன்னறைக்குள் நுழைந்ததும் அவர் முகம் மாறியது. நாலு சுருள் காகிதமும் பிரிக்காமல் மூலையில் நின்றது. சுவர் செங்கல்வரை அம்மணமாக நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம்.

"இந்தச் சுவர் ஈரம். காகிதம் ஒட்டாதீர்கள். இரண்டு கோடைக்காவது இப்படியே திறந்து விடுங்கள். வெளியே மண் உயர்ந்திருக்கிறது, அதை வெட்டி இறக்குங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சொல் தட்டின இடத்தில் தெரேசா எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் புருஷன் சுவரைத் தட்டிப் பார்த்தான். யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். தரகர் என்னோடு பேசவில்லை. வாங்குவார்களா என்று தெரியாது.

அவர்கள் போனபிறகு தெரேசா செங்கல்லில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள்.

"என்ன?" என்றேன்.

"வெறும் மண்" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டே, "அந்த ரூமைக் கட்டினாளா, அத்தை?" என்று கேட்டாள். இந்தத் தடவை சொல் கொஞ்சம் பரவாயில்லை.

கட்டினாள். ஏழு வருஷம் ஆகிறது. முத்தையாபுரத்தில் மகள் வீட்டுக்குப் பின்னால், ஒரு ஜன்னல், ஒரு கதவு. நான் இன்னும் பார்க்கவில்லை. போகப் போகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். போன மாதம் வந்த கடிதத்தில் பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதிவிட்டு இப்படி முடித்திருந்தாள்:

'நீ வாங்கினதுல ஒரு டின் மிச்சம் கெடந்துச்சு. வீட்டோட அதையும் விக்க மனசு வரல, தூக்கிட்டு வந்துட்டேன். வந்தப்பவே கதவுக்கு அடிச்சேன். ஏழு மழைக்கு அப்படியே நிக்குது. பிள்ளைகள் கப்பல் கதவுன்னு சொல்லுதுக. மத்தியானம் சாப்பிட்டதும் தாழ் போட்டுட்டுப் படுத்திருவேன். யாரு தட்டினாலும் எந்திரிக்கது கெடையாது. நீ வந்தா சத்தமாத் தட்டு.'